கேஸ் ஷீட்டில் இல்லாத வரி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? அண்ணிக்குச் சர்க்கரை இறங்கியதா? நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதிதான் உண்மை.

மூக்கின் இடது பக்கம், துவாரத்தை ஒட்டிய மடிப்பில், அந்தக் கறுப்பு மரு மறுபடியும் வந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் கிளினிக்கின் சின்ன அறையில், ஊசி போட்டு மரத்துப்போகவைத்துச் சுட்டு எடுத்தீர்களே, அதே இடம்தான். என் தோல் கருகிய வாடை எனக்கே வந்தது. "இதை டெஸ்டுக்கு அனுப்ப வேண்டாமா?" என்று இவர் கேட்டதற்கு, "நம்ம நிறத்துக்கு அந்த வியாதியெல்லாம் வராது மாப்பிள்ளை" என்று சிரித்தீர்கள்.

இப்போது நடுவில் குழி விழுந்து, ஓரம் மெழுகு பூசியதுபோலப் பளபளக்கிறது. முகம் கழுவினால் பொருக்கு உதிர்ந்து ரத்தம் கசிகிறது. இருபத்தாறு வருடமாக வெயிலில் நின்று நிலம் அளக்கிறவளுக்கு முகத்தில் ஒன்றிரண்டு புள்ளி வராதா என்று விட்டுவைத்தேன். இவர் விடவில்லை. "சட்டையில இல்லாத பொத்தானை மூக்குல தைச்சு வச்சிருக்க, போய்க் காட்டு" என்கிறார். தையல்காரருக்கு எல்லாமே பொத்தான்தான்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் முகத்துக்கு ஆபரேஷன் செய்கிற ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். உங்களிடம் படித்தவராம். அவரிடம் காட்டட்டுமா?

போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் என்னிடமும் நோயாளியிடம் பேசுவதுபோலவே பேசுகிறீர்கள். கடிதத்தில்தான் அண்ணனாக இருக்கிறீர்கள்.

உங்கள் தங்கை,
சங்கிலி


பிப்ரவரி 19

அன்புச் சங்கிலிக்கு,

முழங்கால் அப்படியேதான். உன் அண்ணி காலையில் நடக்கிறாள். உங்கள் இருவர் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உடனே போய்க் காட்டு. அவள் என் மாணவிதான், கெட்டிக்காரி. கொஞ்சம் பயாப்சி எடுத்துப் பார்ப்பாள். என்னவாக இருந்தாலும் அந்த இடத்தோடு நிற்கிற விஷயம். எடுத்துவிட்டால் தீர்ந்தது. பயப்படாதே.

ஒன்றே ஒன்று. பழைய கதையெல்லாம் சொல்லி அவளைக் குழப்பாதே. ஆறு மாதமாக இருக்கிறது என்று சொல். அதற்கு முன் யாரும் தொடவில்லை. தழும்பைப் பற்றிக் கேட்டால் சின்ன வயதில் வெந்நீர் தெறித்தது என்றால் போதும். எங்கள் மருத்துவக் கல்லூரி டீன் பதவிக்கு மூன்று பேர் பெயர் மேலே போயிருக்கிறது, அதில் ஒன்று என்னுடையது. இந்த நேரத்தில் என் மாணவி வாயிலேயே என் பெயர் அடிபட வேண்டாம். உனக்கு விளக்க வேண்டியதில்லை. இதனால் உன் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே.

உன் அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு வந்திருப்பது புற்றுநோய்தான். தோலில் வருகிற வகை. உடம்பெங்கும் ஓடாதாம், உட்கார்ந்த இடத்தையே தின்றுகொண்டு போகுமாம். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்.

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்.

"இதுக்கு முன்னாடி யாராவது சுட்டாங்களா? சுரண்டினாங்களா?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஓரத்துல தழும்பு மாதிரி தெரியுது."

"சின்ன வயசுல வெந்நீர் தெறிச்சது."

அவர் பூதக்கண்ணாடியை வைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே சொன்னார்: "அப்ப சரி. ஒரே நாள்ல எடுத்துட்டு, அன்னைக்கே நெத்தித் தோலைத் திருப்பி மூடிடலாம். முன்னாடி கைவச்ச இடமா இருந்தா அப்படிச் செய்ய மாட்டேன். தழும்புக்கு அடியில அது எங்கெங்க போயிருக்கும்னு சொல்ல முடியாது. இன்னும் அகலமா வெட்டி, ரிப்போர்ட் சுத்தமா வர்ற வரைக்கும் திறந்தே வச்சிருந்து, அப்புறம்தான் மூடுவேன்."

வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

அண்ணா, மாற்றம் எதுவும் வராது என்று எழுதியிருந்தீர்கள். வரும்போல இருக்கிறதே. சொல்லிவிடட்டுமா? வேறு எதுவும் எழுத வேண்டாம், 'சொல்' என்று ஒரு வார்த்தை போதும். ஆபரேஷன் இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் உங்கள் பதில் வந்துவிடும் என்று தினமும் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சங்கிலி


ஏப்ரல் 2

அன்புச் சங்கிலிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். உன் கடிதம் வந்த சமயம் நான் ஒரு மாநாட்டில் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் தாமதம். நெற்றித் தோலை வைத்து மூக்கை அமைப்பது மிக நல்ல முறை. மூன்று வாரம் பார்க்கக் கொஞ்சம் விகாரமாக இருக்கும், மனதைத் தளரவிடாதே. தலையை உயர்த்தி வைத்துப் படு. மாப்பிள்ளையைப் புகைபிடிக்காமல் இருக்கச் சொல், தோலுக்கு ரத்தம் ஓட அது நல்லதல்ல.

அண்ணி விசாரித்தாள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மாநாடு போன மாதம் பதினைந்தாம் தேதியே முடிந்துவிட்டதாக அண்ணி போனில் சொன்னார்கள். முழங்காலோடு அவ்வளவு தூரம் போய்வந்தீர்களே, வலி அதிகமாகவில்லையே?

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். தையல் ஊசி வருகிற தாள் உறை இருக்கிறதே, பளபளவென்று, அதை மூக்கின் ஓட்டை அளவுக்கு வெட்டி, அதே அளவை நெற்றியில் வைத்து வரைந்து தோலை எடுத்தார்களாம். டாக்டரம்மா சொல்லச் சொல்ல இவருக்கு ஒரே குஷி. "இது எங்க வேலைம்மா! பேப்பர்ல வெட்டிப் பார்த்துட்டுத்தானே துணியில கத்தரி வைப்போம்" என்றார். "ஆனா நீங்க துணியை முழுசா வெட்டி எடுத்துடுவீங்க. நான் ஒரு முனையை வெட்டாம விட்டிருக்கேன், ரத்தம் அது வழியாத்தான் வரணும்" என்றார் அவர். இருவரும் என் முகத்துக்கு மேலே நின்று தொழில் பேசினார்கள்.

நான்காம் நாள் கண்ணாடி கேட்டேன். நெற்றி நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல். புருவத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சதைக் கயிறு முறுக்கிக்கொண்டு மூக்கில் வந்து இறங்குகிறது. யானைக்குத் தும்பிக்கை வைக்கத் தெரியாதவன் வைத்ததுபோல இருந்தது. சிரிக்க நினைத்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். புது மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியில் உட்கார்ந்ததுபோல இருக்கிறது. நெற்றியைத் தட்டினேன், அது மூக்கிலேயே உட்கார்ந்திருந்தது.

பதினெட்டாம் தேதி அந்தக் கயிற்றை வெட்டிவிடுவார்கள். நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இனி எழுதவும் தேவையில்லை, மூடியாகிவிட்டது.

சங்கிலி


ஏப்ரல் 21

அண்ணனுக்கு,

அங்கே எல்லோரும் நலந்தானே.

கயிற்றை வெட்டவில்லை. பதினெட்டாம் தேதி காலை வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா கையில் ரிப்போர்ட்டோடு வந்தார். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டால் நல்ல சேதி இல்லை என்று உங்களைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"எடுத்த சதையோட அடிப்பக்கத்துல இன்னும் இருக்கு. கன்னம் பக்கமும் இருக்கு. ஒண்ணா இல்ல, விதை தூவின மாதிரி அங்கங்க. நடுவுல சுட்ட தழும்பு இருக்குன்னு லேப்ல எழுதியிருக்காங்க. வெந்நீர் பட்ட தழும்பு இவ்வளவு ஆழம் போகாது. யார் சுட்டாங்க?"

நான் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அப்புறம் சொல்லுங்க. இப்ப வச்ச தோலைப் பிரிச்சு எடுக்கணும். அதுக்கு அடியிலதான் மிச்சம் ஒளிஞ்சிருக்கு. இந்தத் தடவை மூக்கோட இடது பக்கம் முழுசா போகும். கன்னத்துல கொஞ்சம், மேல் உதட்டுல கொஞ்சம்."

"நெத்தியில மறுபடி எடுத்து மூடுவீங்களா?"

"நெத்தியை ஏற்கெனவே செலவழிச்சாச்சு. இனிமே ரெண்டு வருஷமாவது மூடாம வச்சுப் பார்க்கணும். மறுபடி மூடிட்டு அடியில என்ன நடக்குதுன்னு தெரியாம நான் உட்கார மாட்டேன்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். "உங்கண்ணன் பேரு உன் மூக்கைவிடப் பெருசா?" என்று இவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அளவு கேட்பதுபோலக் கேட்டார். பொய் சொன்ன வாய் என்னுடையதுதானே.

மே பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன்.

சங்கிலி


மே 3

அன்புச் சங்கிலிக்கு,

உன் கடிதம் படித்து வருத்தப்பட்டேன். முதலில், பதற்றப்படாதே. இந்த மாதிரி எல்லாக் கைகளிலும் நடக்கும். நல்ல சர்ஜன் செய்தாலும் நூற்றுக்குச் சிலரிடம் மிச்சம் தங்கிவிடுகிறது. இதையும் அதையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பது பாமரர் செய்வது, நீ படித்தவள்.

உன் டாக்டருக்கு நானே விவரமாக எழுதியிருக்கிறேன். இனி அவள் உன்னைக் கேள்வி கேட்க மாட்டாள். நீ எதையும் சுமக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. சத்துள்ள சாப்பாடு சாப்பிடு. இங்கே எல்லோரும் சுகம். டீன் உத்தரவு வந்துவிட்டது.

உன் அண்ணன்


ஜூன் 24

அண்ணனுக்கு,

உங்கள் மே மாதக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோயிருந்தேன். 'நானே விவரமாக எழுதியிருக்கிறேன்' என்ற வரியை மயக்க மருந்து கொடுக்கும்வரை படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுதிவிட்டார், உண்மையை அவரே சொல்லிவிட்டார் என்று நினைத்தபோது, மூக்கு போனாலும் போகிறது என்றுகூட இருந்தது. இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. ரிப்போர்ட் இரண்டு தடவை பார்த்தும் சுத்தம். தொடைத் தோலை எடுத்து உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். முகத்தின் இடது பக்கம் நடுவில் ஒரு ஜன்னல். 'ப', 'ம' எல்லாம் காற்றோடு போகின்றன. தண்ணீர் குடித்தால் உதட்டோரம் வழிகிறது.

போன வாரம் கட்டு மாற்றும்போது டாக்டரம்மா மெதுவாகப் பேச்செடுத்தார்.

"உங்க அண்ணன் எழுதியிருந்தார். யாரோ மரு எடுக்கிறவன்கிட்டப் போய்ச் சுட்டுக்கிட்டீங்களாம். வெட்கப்பட்டுக்கிட்டுச் சொல்லலையாம். அவளைத் திட்டாதேம்மான்னு கேட்டுக்கிட்டார். நான் திட்டலை. ஆனா அன்னைக்கே சொல்லியிருந்தா…"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணா. தையல் இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை. "ஏன் சிரிக்கிறீங்க?" என்றார். கைப்பையிலிருந்து உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் கிழிக்கச் சொன்னதை நான் கிழிக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

நின்றபடியே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "முதமுதலா என் கையில கத்தியைக் கொடுத்தவர் அவர்தான்" என்றார். கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது கையில் பேனா இருந்தது.

"கேஸ் ஷீட்ல எழுதட்டுமா?"

"எழுதுங்க."

"பேரையும் எழுதணும்."

"எழுதுங்கம்மா."

எழுதிவிட்டார். வருடம், மாதம், இடம், எதை வைத்துச் சுட்டது, டெஸ்டுக்கு அனுப்பாதது, உங்கள் பெயர். என்னை வாசித்துப் பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். நான் யோசித்தே பார்க்காதது. "சார் இப்படி இன்னும் எத்தனை பேருக்குச் சுட்டிருப்பார்?"

எனக்கு உங்களிடமிருந்து ஒன்றும் வேண்டாம். நீங்கள் வருந்துவதை எழுதிக் கேட்டு வாங்கினால் அதற்கு என்ன அர்த்தம்? ஆனால் உங்கள் கிளினிக்கில் பதிவேடு இருக்கிறது. வருகிறவர் பெயர், விலாசம், என்ன செய்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுவீர்கள். அதை எடுத்து, மரு என்று சுட்டு அனுப்பிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பொய் சொல்லச் சொல்ல அண்ணன் கிடையாது. மரு மறுபடி வந்து நான்கு மாதம், ஆறு மாதம் என்று எங்கோ ஒரு கண்ணாடிமுன் நின்று பொருக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சங்கிலி


ஆகஸ்ட் 17

அன்புள்ள நாத்தனாருக்கு, அண்ணி எழுதுவது.

உன் உடம்பு தேறி வரும் என்று நம்புகிறேன். எனக்கு அதிகம் எழுதத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணன் அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். அடுத்த நாளும் அதே கோட்டு. டீன் நாற்காலியில் அதன் பிறகு பதினொரு நாள்தான் உட்கார்ந்தார். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கேட்டால், "உடம்பு சரியில்லைதான்" என்கிறார்.

இப்போது சாப்பாட்டு மேசை முழுக்க அந்தத் தடித்த நோட்டுகள். காலையிலிருந்து போன். "நான்தான் டாக்டர் பேசறேன். அன்னைக்கு உங்களுக்கு ஒரு மரு சுட்டு எடுத்தேன் இல்ல, அது நான் தப்பாப் பண்ணிட்டேன், ஒரு தடவை வந்து காட்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். இந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்து நான் கேட்டதேயில்லை, முப்பத்தொரு வருடத்தில். ஒருவர் போனிலேயே கண்டபடி திட்டினார். அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது. "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

நீ செய்தது சரியென்று என்னால் சொல்ல முடியாது, தவறென்றும் சொல்ல வாய் வரவில்லை. உனக்கு முகம் போயிற்று. எனக்கு வீட்டில் போன் மணி அடித்தாலே நெஞ்சு திக்கென்கிறது. இதை நீ தப்பாக எடுத்துக்கொண்டாலும் சரி.

உன் கணவரைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


செப்டம்பர் 29

சங்கிலிக்கு,

நலம்தானே என்று உன்னிடம் கேட்க எனக்குக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பதிவேட்டில் நாற்பத்தாறு பேர். முப்பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். இருவருக்கு இருக்கிறது. பஸ் கண்டக்டர் ஒருவர், கீழ் இமை ஓரம். பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருவர், காதுக்குப் பின்னால். அந்த அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷனோடு முடிந்துவிட்டது. கண்டக்டருக்குக் கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் சொல்கிறார்கள். உன் டாக்டரிடம்தான் அனுப்பியிருக்கிறேன், முழு விவரமும் எழுதிக் கொடுத்து. அவள் எனக்குப் பதில் எழுதவில்லை. நோயாளியைப் பற்றிய குறிப்பு மட்டும் அனுப்பினாள்.

மிச்சம் ஏழு பேர். தேடிக்கொண்டிருக்கிறேன்.

எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். முகம்கூட நினைவில்லாத முப்பத்தொன்பது பேரிடம் சொல்ல முடிந்தது உன்னிடம் எழுத்தில் வர மறுக்கிறது. நேரில் வருகிறேன். அக்டோபர் பதினான்காம் தேதி மதிய ரயிலில் இறங்குவேன். மாப்பிள்ளை வேண்டாம் என்றால் ஸ்டேஷனிலிருந்தே திரும்பிவிடுகிறேன்.

அண்ணன்


அக்டோபர் 5

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண்டக்டரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். டாக்டரம்மா வெளியே உட்காரவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குச் சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டாங்க" என்றேன். "சுட்ட டாக்டரேதான், நல்லவரு, அவரா கூப்பிட்டுச் சொன்னாரு" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

எனக்கு ஒரு மூக்கு வந்திருக்கிறது. ரப்பர் மாதிரி ஒரு பொருளில் செய்தது. கண்ணாடி ஃபிரேமோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். செய்து கொடுத்தவர் நான்கு தடவை உட்காரவைத்து என் நிறத்தைக் கலந்து பார்த்தார். வெயிலில் போனால் எனக்குக் கறுக்கும், அதற்குக் கறுக்காது. அதனால் வெளிவேலையிலிருந்து உள்ளே மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் அளந்து வருவதை நான் மேசையில் உட்கார்ந்து வரைபடத்தில் ஏற்றுகிறேன். நல்ல மின்விசிறி இருக்கிறது. கேட்கிறவர்களிடம் சௌகரியமாக இருக்கிறது என்கிறேன்.

இவரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். "வரட்டும்" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

பதினான்காம் தேதி வாருங்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று படி, முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கதவை இவர் திறக்க மாட்டார், நான்தான் திறப்பேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் திறப்பேன், அதோடு மூக்கும் வந்துவிடும். அவசரமில்லை, வாசலில் நின்று நன்றாகப் பாருங்கள். பார்த்து முடித்தபின் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை